தாடை மூட்டு வலிக்கு அக்குபங்சர் ஊசி: எதன் பக்கத்தில் வைத்துச் சோதிப்பது?

தாடை மூட்டில் நோவு உள்ளவர் அதைத் தாடை மூட்டு நோவு என்று சொல்லிக்கொண்டு வருவது அபூர்வம். காதுக்குள் குத்துகிறது என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவார். கடைவாய்ப் பல்தான் காரணம் என்று பல்லைப் பிடுங்கிய பிறகும் வலியோடு திரிவார். பொட்டில் தெறிக்கிறது என்று தலைவலி மாத்திரை தின்று பார்த்திருப்பார். மதுரைப் பக்கத்தில் இன்னும் இரண்டு வாசல்கள் உண்டு: சுளுக்கு வழிப்பவர், வர்மம் பார்ப்பவர். இத்தனையும் சுற்றி வந்து, மூன்று மாதம் தாண்டி, வலி நாட்பட்டதாக ஆன பிறகு ‘அக்குபங்சர் கேட்குமா?’ என்ற கேள்வி வருகிறது.

பார்க்க ஒரு கேள்விதான், உள்ளே மூன்று இருக்கின்றன. ஊசி போட்டுக்கொண்டவர்கள், சும்மா காத்திருப்பவர்களைவிட அதிகம் தேறுகிறார்களா? அப்படித் தேறினால், குறிப்பிட்ட புள்ளியில் தோலைத் துளைத்ததால் தேறினார்களா, இல்லை படுக்க வைத்து, பேச்சுக் கொடுத்து, அக்கறையாகக் கவனித்ததால் தேறினார்களா? வாய்ப்பயிற்சி போன்ற செலவில்லாத வழியைவிட ஊசி மேலா? மூன்றுக்கும் வெவ்வேறு ஒப்பீட்டுக் குழுக்கள் வேண்டும். ஒரே ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ‘நிரூபணமாகிவிட்டது’ என்பதும் இன்னொருவர் ‘எல்லாம் மனப்பிரமை’ என்பதும் இந்த மூன்றையும் போட்டுக் குழப்புவதால்தான். ஊசியின் பக்கத்தில் எதை வைத்தார்கள் என்று பார்க்காமல் ஊசியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

வலி எங்கிருந்து வருகிறது

காதுத் துளைக்கு முன்னால் உள்ள சிறு மேட்டுக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், உள்ளே ஒரு குமிழ் நகர்வது தெரியும். கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை அது. பொட்டெலும்பின் குழியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நார்த்தட்டு. வாய் திறக்கும்போது முதல் 25 மில்லிமீட்டர் வரை குமிழ் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அதற்கு மேல் திறக்க, தட்டையும் கூட்டிக்கொண்டு முன்னே சரிகிறது. வளர்ந்தவர்களுக்கு மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே சாதாரணமாக 40 மில்லிமீட்டராவது திறக்கும். தட்டு முன்னுக்கு விலகியிருந்து, திறக்கும்போது பழைய இடத்தில் போய்ச் சேர்ந்தால் ‘டக்’ என்று சத்தம் வரும். சேராமல் வழியை மறித்தால் வாய் பூட்டிக்கொள்ளும். சத்தம் மட்டும் இருந்து வலியும் பூட்டும் இல்லாவிட்டால் சிகிச்சையே வேண்டாம். சத்தத்தை நிறுத்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் காசுக்குக் கேடு.

நாட்பட்ட வலியில் பெரும்பங்கு மூட்டுக்குள்ளிருந்து வருவதில்லை. மூட்டை இயக்கும் தசைகளிலிருந்து வருகிறது. பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் மெல்லுதசை, பொட்டில் விசிறியாக விரியும் பொட்டுத்தசை, உள்ளே ஒளிந்திருக்கும் இரண்டு சிறகுத்தசைகள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, வேலை மும்முரத்தில் தன்னை அறியாமல் பல்லை இறுக்கியபடி இருப்பது, மனச்சுமை, தூக்கக்கேடு எல்லாம் சேர்ந்து இதை வளர்க்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் 20 முதல் 40 வயதுக்குள், அதிகம்.

ஆகவே சோதனையில் முதல் வேலை, யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது. இதற்கான அளவுகோல் 1992-இல் வகுக்கப்பட்டு, 2014-இல் திருத்தி வெளியிடப்பட்டது. டிசி/டிஎம்டி என்று சுருக்கிச் சொல்வார்கள். அதன்படி மெல்லுதசையையும் பொட்டுத்தசையையும் ஒவ்வோர் இடத்திலும் 1 கிலோ அழுத்தத்தில் 2 நொடி அழுத்திப் பார்க்க வேண்டும். மூட்டுக் குமிழின் வெளிப்பக்கத்தில் அழுத்தம் அரை கிலோ. வலிக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. ‘கடந்த 30 நாளில் எனக்கு வந்த அதே வலிதான் இது’ என்று நோயாளி அடையாளம் காட்ட வேண்டும். யாருக்குமே கன்னத்தை அழுத்தினால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும், அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

1 கிலோ அழுத்தம் என்பது கைக்குத் தானாக வராது. மளிகைக்கடை மின்தராசு ஒன்றை மேசையில் வைத்து, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து 1000 கிராம் காட்டும் வரை அழுத்தி, ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் விரலைப் பழக்கிக்கொள்வதே வழி. மதியத்துக்கு மேல் அசதியில் விரல் கனத்துவிடும். மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பரிசோதிப்பவர்கள் இருவர் என்றால் ஒரே ஆளை இருவரும் தனித்தனியே பார்த்து, முடிவு ஒத்துப்போகிறதா என்று ஆரம்பத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

மதுரை வட்டாரத்துக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. வெற்றிலை பாக்கும், தடை இருந்தும் கிடைத்துக்கொண்டிருக்கிற குட்காவும் மெல்பவர்களுக்கு வாயின் உட்சதை நாராக இறுகி, வாய் திறப்பு சுருங்கும். தேடுகிற குறிகள்: கன்னத்தின் உள்பக்கம் வெளுத்திருப்பது, விரலால் தடவினால் கயிறுபோல நார்ப்பட்டை தட்டுப்படுவது, காரம் பட்டால் எரிவது. குற்றவாளி சோழவந்தான் வெற்றிலை அல்ல, கூட மடிக்கும் பாக்கு. இப்படிப்பட்டவருக்கு வாய் 20, 25 மில்லிமீட்டர்தான் திறக்கும். தாடை மூட்டுக் கோளாறு என்று எண்ணி இவரைச் சேர்த்துவிட்டால் எந்த ஊசியும் உதவாது. இரண்டு குழுவிலும் இப்படிச் சிலர் இருந்தால் உண்மையான வித்தியாசம்கூட மங்கிவிடும். அதைவிட முக்கியம், அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. அவருக்கு வேண்டியது வேறு கவனிப்பு. ஞானப்பல் சீழ், முகநரம்பு வலி, முடக்குவாதம், 50 வயதுக்கு மேல் மெல்லும்போது மட்டும் தாடை வலித்துப் பொட்டு நரம்பு புடைக்கும் தமனி அழற்சி இவற்றையும் வாசலிலேயே பிரித்தெடுக்க வேண்டும்.

ஊசி போகும் இடங்கள்

ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் புள்ளிகள் சில. பெயரில் உள்ள ஆங்கில எழுத்துகள் சீன மரபு சொல்லும் உடல்வழித்தடத்தையும், எண் அதில் புள்ளியின் வரிசையையும் குறிக்கும். எஸ்டி 7 என்பது கன்ன எலும்பு வளைவின் கீழ், குமிழுக்கு முன்னால் உள்ள பள்ளம். வாயை மூடியிருக்கும்போது மட்டுமே அந்தப் பள்ளம் இருக்கும். திறந்தால் குமிழ் முன்னே வந்து நிரப்பிவிடும். ஆகவே மூடிய வாயில்தான் குத்த வேண்டும், ஊசி இருக்கும் வரை பேசவும் கூடாது, கொட்டாவியும் கூடாது. ஊசி உள்ளே இருக்க வாய் திறந்தால் எலும்பு நகர்ந்து ஊசியை வளைத்துவிடும். இன்னும் ஆழத்தில் மேல்தாடைத் தமனியும் சிரைப்பின்னலும் ஓடுகின்றன. ஆழம் மீறினால் கன்னத்தில் ரத்தம் கட்டும். நூல்கள் 25 மில்லிமீட்டர் வரைகூடச் சொல்லும். சோதனைக்கு 10 முதல் 15 மில்லிமீட்டரில் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

எஸ்டி 6, தாடைக் கோணத்துக்கு ஒரு விரல் முன்னும் மேலும், பல்லைக் கடித்தால் மெல்லுதசை புடைக்கிற உச்சி. காதுக்கு முன்னால் வரிசையாக இருக்கும் எஸ்ஐ 19, ஜிபி 2, டிஇ 21 மூன்றும் எஸ்டி 7-க்கு நேர்மாறு. வாய் திறந்தால்தான் பள்ளம் தெரியும். இந்த முரணை மறந்து, நான்கையும் ஒரே வாய்நிலையில் குத்தப் பார்ப்பது பழகாதவர்கள் செய்யும் வழக்கமான பிழை. பிடரியில் ஜிபி 20. ஊசியின் முனை மூக்கு நுனியை நோக்க வேண்டும், மேல்நோக்கி ஆழமாகப் போனால் மூளைத்தண்டு அங்கே இருக்கிறது. கடைசியாக எல்ஐ 4, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே. முக வலிக்குக் கையில் குத்துவது விசித்திரமாகத் தோன்றினாலும் இந்தப் புள்ளி இல்லாத ஆய்வு குறைவு. கர்ப்பிணிகளுக்கு மரபாகவே இதைத் தவிர்ப்பார்கள். கர்ப்பிணிகளைச் சோதனையிலேயே சேர்க்காமல் விடுவது எளிது.

ஊசி 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர் தடிமன், 25 முதல் 30 மில்லிமீட்டர் நீளம், ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது. குத்திய பின் மெல்லச் சுழற்றினால் கனமாக, மந்தமாக, இழுத்துப் பிடிப்பதுபோல ஓர் உணர்வு வரும். சீன மரபில் தே சீ என்பார்கள். 20 முதல் 30 நிமிடம் வைத்திருந்து எடுப்பார்கள். போட்ட எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் தாளில் எழுதி ஒப்பிட வேண்டும். பொட்டு முடிக்குள் ஊசி மறந்துபோவது நடக்கக்கூடியதே. எடுத்த ஊசி, 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிப்படி, குத்தினால் துளைக்காத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். முதல் தடவை எல்லோரையும் படுக்க வைத்தே குத்துவது முறை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் உசிலம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஊசியைப் பார்த்தால் மயங்கி விழலாம்.

போலி ஊசி என்னும் தலைவலி

மாத்திரையைச் சோதிப்பது இதை நோக்கச் சுலபம். மாவு மாத்திரையும் மருந்து மாத்திரையும் ஒரே நிறத்தில் இருந்தால் கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஊசிக்கு அப்படி ஒரு மாவு மாத்திரை இன்றுவரை முழுசாகக் கிடைக்கவில்லை.

முதலில் செய்து பார்த்தது, புள்ளியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் குத்துவது. 2002-இல் காடார்டும் கூட்டாளிகளும் தாடைத் தசை வலிக்காரர்களிடம் இதைச் செய்தபோது சரியான புள்ளியிலும் வலி குறைந்தது, தள்ளிக் குத்திய இடத்திலும் குறைந்தது. இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இதை வைத்துப் ‘புள்ளிகள் கற்பனை’ என்று சொல்லலாம். ‘ஊசி எங்கே குத்தினாலும் வேலை செய்கிறது’ என்றும் சொல்லலாம். இரண்டாவதற்கு உடலியலில் ஆதாரம் உண்டு. உடம்பில் ஓரிடத்தில் ஒரு வலி கொடுத்தால் வேறிடத்து வலிச் செய்தியை மூளைத்தண்டு அமுக்குகிறது என்று லெ பார்ஸ் குழு 1979-இல் எலிகளிடம் காட்டியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, ஊசியால் குறைந்த பல்வலி நலாக்சோன் என்ற அபின்முறி மருந்து கொடுத்ததும் திரும்புகிறது என்று மேயர் குழு மனிதர்களிடம் காட்டி, உடம்பே சுரக்கும் அபின் போன்ற பொருள்களைக் கைகாட்டியிருந்தது. இப்படி ஒரு வழி இருக்கிறதென்றால், ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் குத்துவது போலி ஆகாது. அது குறைந்த அளவு மருந்து.

அடுத்து வந்தது துளைக்காத ஊசி. ஜெர்மனியில் ஸ்ட்ரைட்பெர்கர் 1998-இல் வெளியிட்ட வடிவம், மதுரை நாடகக்காரர்களின் மடங்கு கத்தி மாதிரி: மொட்டை முனை தோலில் பட்டதும் ஊசித்தண்டு கைப்பிடிக்குள் இறங்கிவிடும், பார்ப்பவருக்குக் குத்தியதுபோலவே இருக்கும். அது சாயாமல் நிற்க ஒரு பிளாஸ்டிக் வளையமும் மேலே பிளாஸ்திரியும் வேண்டும். நிஜ ஊசிக்கும் அதே வளையம் வைத்தால்தான் இரு குழுவுக்கும் ஒன்றுபோலத் தெரியும்.

கையில், காலில் இது நன்றாகவே நிற்கும். முகத்தில்தான் சிக்கல். காதுக்கு முன்னால் தோல் மெலிது, வளைவு அதிகம். ஆண்களுக்குக் கிருதாவும் தாடியும். சித்திரை, வைகாசி வெயிலில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் வேர்வைக்குப் பிளாஸ்திரி பத்து நிமிடம்கூடப் பிடிக்காது. போலி ஊசி சாய்ந்து விழுந்தால் அந்த நோயாளியைப் பொறுத்தவரை ரகசியம் உடைந்தது. அறைக்கு ஏசி, முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிடுதல், ஆண்களிடம் முந்தின நாளே சவரம் செய்து வரச் சொல்வது, நோயாளியின் பார்வையில் கண்ணாடி இல்லாத சுவர் போன்ற சில்லறை ஏற்பாடுகளில்தான் ஒரு நல்ல ஆய்வு பிழைக்கிறது.

தமிழ்நாட்டுக்கே உரிய கோணம் ஒன்று உண்டு. இங்கே அக்குபங்சர் என்று நடப்பதில் கணிசமான பகுதிக்கு ஊசியே கிடையாது. நாடி பார்த்து, ஒரு புள்ளியை விரல் நுனியால் சில நொடி தொட்டு அனுப்பும் முறை ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. இதனால் சோதனைக்கு ஒரு லாபமும் ஒரு நஷ்டமும். தோலைத் தொட்டால் போதும் என்று நம்பும் ஊரில், மொட்டை முனை பட்டதை நோயாளி சந்தேகிக்க மாட்டார், ரகசியம் காக்கப்படும். நஷ்டம் முடிவில் வரும். நிஜ ஊசியும் போலி ஊசியும் சமம் என்று வந்தால், தொடுசிகிச்சைக்காரர் ‘பார்த்தீர்களா, தொட்டாலே போதும் என்றுதானே சொன்னோம்’ என்பார். மருத்துவர் ‘இரண்டுமே வெறும் நம்பிக்கை’ என்பார். எண்கள் இருவருக்கும் ஒன்றுதான். இந்தத் தகராறைத் தீர்க்கப் போலி ஊசி மட்டும் போதாது; ஊசியும் தொடுதலும் இல்லாத மூன்றாவது குழு ஒன்று கட்டாயம் வேண்டும். சமம் என்று வந்தால் அதற்கு என்ன பொருள் கொள்வோம் என்பதையும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

கவனிப்பின் பலம் எவ்வளவு என்பதற்கு அளவு இருக்கிறது. கப்ட்சுக் குழு 2008-இல் குடல் எரிச்சல் நோய்க்காரர்கள் 262 பேரை மூன்றாகப் பிரித்தது. காத்திருப்போரில் போதுமான நிவாரணம் சொன்னவர்கள் 28 சதவீதம். பேச்சுவார்த்தை அதிகமில்லாமல் போலி ஊசி பெற்றவர்களில் 44. அதே போலி ஊசியோடு இதமான, நிதானமான உரையாடலும் பெற்றவர்களில் 62. நோய் வேறு, ஆனாலும் நாட்பட்ட வலியைச் சோதிப்பவர் இந்தப் படிக்கட்டை மறந்தால் கஷ்டம். ஊசி போடுபவர் எத்தனை நிமிடம் பேசலாம், என்ன பேசலாம் என்பதையும் இரு குழுவுக்கும் ஒன்றாக எழுதி வைப்பது அதனால்தான்.

இதுவரை தெரிந்தது

தாடை வலியில் துளைக்காத ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் ஸ்மித் குழுவின் 2007 ஆய்வு 27 பேரைக் கொண்டது. ஷென் குழுவின் 2009 ஆய்வில் 28 பேர்; அங்கே ஊசி போனது முகத்தில் அல்ல, கையில் உள்ள எல்ஐ 4-இல். இரண்டிலும் நிஜ ஊசி முந்தியது. மகிழ்ச்சி அடையுமுன் ஒரு சின்னக் கணக்கு. 0 முதல் 10 வரையிலான வலி அளவில் நோயாளிக்கு நோயாளி சிதறல், அதாவது சராசரியிலிருந்து விலகி நிற்கும் அளவு, 2 புள்ளி என்று கொள்வோம். குழுவுக்கு 14 பேர் என்றால், 80 சதவீத உறுதியோடு பிடிக்கக்கூடிய வித்தியாசம் 2 புள்ளிக்கு மேல். அதற்குக் குறைவான, ஆனால் உண்மையான பலன் பெரும்பாலும் வலையில் சிக்காது. சிக்கினால் ஊதிப் பெருத்த வடிவில்தான் சிக்கும். சிறிய ஆய்வுகள் பிரமாதமான முடிவு சொல்வதும், பெரிய ஆய்வு வந்ததும் அது சுருங்குவதும் இதனால்தான். சீனா உள்ளிட்ட சில நாடுகளிலிருந்து வந்த அக்குபங்சர் ஆய்வுகள் ஏறக்குறைய ஒன்றுவிடாமல் சாதகமாகவே இருந்ததை 1998-இல் விக்கர்ஸ் குழு எடுத்துக்காட்டியது. சாதகமில்லாதவை அச்சேறவில்லை என்பதே அதற்கு எளிய விளக்கம்.

பெரிய ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு ஜெர்மனியின் முதுகுவலி ஆய்வு உதாரணம். 2007-இல் வெளியானது, 1162 பேர். ஆறு மாதத்தில் தேறியவர்கள் நிஜ அக்குபங்சரில் 47.6 சதவீதம், புள்ளி தவறி மேலோட்டமாகக் குத்திய போலியில் 44.2, மருந்தும் உடற்பயிற்சியுமான வழக்கமான சிகிச்சையில் 27.4. முதல் இரண்டை மட்டும் பார்த்தால் அக்குபங்சர் தோற்றது. கடைசியையும் சேர்த்துப் பார்த்தால் ஜெயித்தது. பத்திரிகைகள் இரண்டு தலைப்பையும் போடலாம், இரண்டும் பொய்யில்லை.

தாடைக்கு வருவோம். 2023 டிசம்பரில் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டி, நாட்பட்ட தாடை வலிக்கான சிகிச்சைகளைத் தரம் பிரித்தது. அழுத்தமாகப் பரிந்துரைத்தவை: சிந்தனை நடத்தைப் பயிற்சி, நிபுணர் கையால் தாடையை அசைத்துப் பழக்குதல், இறுகிய தசைமுடிச்சை அழுத்தி இளக்குதல், மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியும் உடல் தோரணைப் பயிற்சியும், வீட்டுப் பயிற்சியோடு கூடிய விளக்கமும் தைரியமும். அக்குபங்சருக்குக் கிடைத்தது நிபந்தனையோடு கூடிய சாதகம். நம் ஊரில் தாராளமாக எழுதித் தரப்படும் கழற்றி மாட்டும் பல் கவசத்துக்கு நிபந்தனையோடு கூடிய எதிர்ப்பு. திரும்பப் பழைய நிலைக்கு வராதபடி கடியை மாற்றும் கவசங்களுக்கும் மூட்டின் நார்த்தட்டை அறுத்தெடுக்கும் அறுவைக்கும் அழுத்தமான எதிர்ப்பு. ஊசி, இந்த வரிசையில், பயிற்சிக்குப் பின்னால் நிற்கிறது.

மதுரையில் ஒரு சோதனை நடத்துவதானால்

மூன்று குழு. எல்லோருக்கும் வீட்டுக் கவனிப்பு பொது: உதடு மூடி, மேல் கீழ்ப் பற்கள் ஒட்டாமல், நாக்கு நுனி மேலண்ணத்தில் இருக்கப் பழகுதல்; ஈர வெந்நீர்த் துணி ஒத்தடம் 15 நிமிடம், நாளுக்கு இருமுறை; நாக்கை மேலண்ணத்தில் வைத்தபடியே வாயை மெல்லத் திறந்து மூடுதல் 6 முறை, நாளுக்கு 6 தடவை; முறுக்கு, கரும்பு, எலும்பு கடிப்பதெல்லாம் சில வாரம் தள்ளி வைத்தல்; கொட்டாவி வந்தால் தாடைக்குக் கீழே கை கொடுத்தல். இதற்கு மேல் முதல் குழுவுக்கு நிஜ ஊசி, இரண்டாவதற்குத் துளைக்காத ஊசி, வாரம் இருமுறை, நான்கு வாரம், தடவைக்கு 25 நிமிடம். மூன்றாவது குழு வீட்டுக் கவனிப்பு மட்டும். சோதனை முடிந்ததும் விரும்பினால் அவர்களுக்கும் ஊசி. இப்படி வாக்குக் கொடுக்காவிட்டால் மூன்றாவது குழுவில் ஆள் தங்காது.

எத்தனை பேர்? நிஜத்துக்கும் போலிக்கும் 1 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க, சிதறல் 2 என்றால், குழுவுக்கு 63 பேர். ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றுவிடுவார் என்று கணக்கிட்டால் 79. மூன்று குழுவுக்கும் சேர்த்து ஏறக்குறைய 240. தசைவலி உறுதியானவர், ஊசி சிகிச்சை எடுத்திராதவர், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடாதவர் என்று வடிகட்டினால், ஒரே பல் மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டுகளை நம்பி இதை ஒரு வருடத்தில் முடிக்க முடியாது. பெரியாஸ்பத்திரியின் (அரசு ராஜாஜி மருத்துவமனை) பல், காது மூக்கு தொண்டைப் பிரிவுகளும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்தால் நடக்கும்.

பாதியில் நிற்பதற்குக் காரணங்கள் ஊரிலேயே இருக்கின்றன. எட்டு தடவை வர வேண்டும் என்றால் மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டிக்காரர்களுக்கு அரைநாள் கூலி எட்டு தடவை போகும். பெண்களுக்கு அரசின் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, ஆனால் புறநகர்ப் பேருந்தில் உண்டு. சித்திரைத் திருவிழா வாரங்களில் கோரிப்பாளையத்தைத் தாண்டி யாரும் குறித்த நேரத்துக்கு வந்து சேர மாட்டார்கள். சேர்க்கும் அட்டவணையை அதற்கேற்ப முன்கூட்டியே வளைக்க வேண்டும். பயணச் செலவைக் கொடுத்துவிடுவது நெறிமுறைக்கு உட்பட்டதே. அது தூண்டுகோலாக மாறாத அளவில் இருக்க வேண்டும் என்பதை நெறிக்குழு பார்த்துக்கொள்ளும்.

குலுக்கலைக் கணினியில் செய்து, எண்ணிட்ட, வெளிச்சம் ஊடுருவாத உறையில் ஒட்டி, ஊசி போடுபவரிடமும் நோயாளியைச் சேர்ப்பவரிடமும் சேராமல் மூன்றாமவர் கையில் வைக்க வேண்டும். சேர்ப்பவருக்கு அடுத்த உறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால், பாவப்பட்டவரை நிஜ ஊசிக்குத் தள்ளும் நல்ல மனசே ஆய்வைக் கெடுத்துவிடும்.

அளப்பதில்தான் நம் ஊர்ப் பழக்கம் குறுக்கே வரும். ‘எப்படிங்க இருக்கு?’ என்று கேட்டால் ‘இப்பத் தேவலைங்க, பாதி குறைஞ்சிருச்சு’ என்ற பதில் வரும். பாதிக்குப் பாதி மரியாதை. பழைய வலியை நினைவிலிருந்து எடுத்து ஒப்பிடுவது நம்பத்தக்கதல்ல. இந்த நிமிட வலி, கடந்த மாதத்தின் மிக மோசமான வலி, சராசரி வலி என்று மூன்று எண்களைத் தனித்தனியே வாங்கி, சராசரி எடுத்து 10-ஆல் பெருக்கி 100-க்கு வைப்பதே முறை. கேட்பவர் ஊசி போட்டவராக இருக்கக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்து ‘குறையவே இல்லை’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வாய்த் திறப்பை மில்லிமீட்டர் அளவுகோலால் அளந்து, மேல்பல் கீழ்ப்பல்லை மூடும் அளவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு உண்மையில் பொருள்படும் முன்னேற்றம் என்பதற்கு ஃபாரர் குழு 2001-இல் கண்ட அளவு, ஏறக்குறைய 2 புள்ளி அல்லது 30 சதவீதக் குறைவு.

‘உங்களுக்கு விழுந்தது நிஜ ஊசியா, போலியா?’ என்று கேட்டுப் பதிவதும் அவசியம், அதுவும் இரண்டாம் தடவை முடிந்த கையோடு. கடைசியில் கேட்டால், வலி குறைந்தவரெல்லாம் நிஜம் என்றும் குறையாதவரெல்லாம் போலி என்றும் ஊகிப்பார்கள். ரகசியம் உடைந்ததா, சிகிச்சை பலித்ததா என்று பிரிக்க முடியாது. மருந்துக்கடையில் வாங்கித் தின்ற வலி மாத்திரைகளின் கணக்கும் வேண்டும். போலி ஊசிக் குழு தினம் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு நிஜக் குழுவோடு சமமாக நின்றால் அதைச் சமம் என்று எழுதக் கூடாது.

இத்தனையும் முதல் நோயாளிக்கு முன்பே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் ஏற வேண்டும். 2007-இல் தொடங்கிய அந்தப் பதிவேடு, 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதிப் பதிவை ஏற்பதில்லை. எந்த வாரத்து எந்த அளவு முக்கிய முடிவு என்பதை அங்கே எழுதிவிட்டால், பன்னிரண்டாம் வாரத்தில் பலனில்லை என்று தெரிந்ததும் ஆறாம் வாரத்துக்குத் தாவ வழியில்லை. சம்மதப் படிவம் தமிழில், ‘ஒரு குழுவினருக்கு ஊசி தோலைத் துளைக்காது, அது யாருக்கு என்று கடைசி வரை சொல்ல மாட்டோம்’ என்று நேராக எழுதப்பட வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு, ஆய்வைச் சாராத ஒரு சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும்.

சோதனை முடிவுக்காகக் காத்திருக்க முடியாமல் இப்போதே ஊசி போட்டுப் பார்க்க நினைப்பவர், மேலே சொன்ன வீட்டுக் கவனிப்பை விடாமல் அதோடு சேர்த்துச் செய்யலாம். உறை பிரிக்காத புது ஊசியா என்று பார்க்க வேண்டும். கர்ப்பத்தையும் ரத்தம் உறையாத மாத்திரையையும் முதலிலேயே சொல்ல வேண்டும். தொடங்கும் முன் அந்த மூன்று எண்களை எழுதி வைத்து, ஆறு தடவைக்குப் பிறகு 30 சதவீதமாவது இறங்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். வாய் திறக்கும் அளவு வாரத்துக்கு வாரம் சுருங்கினாலோ, முகத்தில் ஓரிடம் மரத்துப்போனாலோ, நடக்கும்போது தாடையில் வலி எழுந்து, நடையை நிறுத்தியதும் அடங்கினாலோ, எத்தனையாவது தடவை என்று பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.